தோலில் தோன்றும் சிவப்புப் புள்ளிகள்: வகைகளும் மருத்துவரை நாட வேண்டிய நேரமும்

தோலில் தோன்றும் சிவப்புப் புள்ளிகள் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. பல நோய்களுக்கும், நோய் என்றே சொல்ல முடியாத பல நிலைகளுக்கும் பொதுவான ஓர் அறிகுறி அது. கோடைக்கால வேர்க்குருவும் கொசுக்கடியும் சிவப்புப் புள்ளிகளாகவே தெரியும். டெங்குவில் ஏற்படும் இரத்தக் கசிவும், மூளையுறைத் தொற்றின் நச்சும், இரத்தப் புற்றுநோயின் தொடக்கமும் சிவப்புப் புள்ளிகளாகவே தெரியும். இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடும். மிகச் சில, சில மணி நேரத் தாமதத்தையும் பொறுக்காதவை. இவ்விரண்டையும் பிரித்தறிய வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை, பொதுவான காரணங்கள், மருத்துவ உதவியை நாட வேண்டிய நேரம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

புள்ளி எவ்வாறு சிவக்கிறது

தோலின் மேலடுக்கான மேற்றோலில் இரத்த நாளங்கள் இல்லை. அதற்குக் கீழே உள்ள உட்தோலில்தான் மயிரிழையைவிட மெல்லிய தந்துகிகள் பின்னிக் கிடக்கின்றன. சிவப்பு நிறம் இரண்டு வழிகளில் உண்டாகிறது.

முதலாவது, தந்துகிகள் விரிவடைவது. ஒவ்வாமை, அழற்சி, வெப்பம், தொற்று ஆகியவற்றால் நாளம் அகலமாகி, அவ்விடத்தில் இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. இரத்தம் நாளத்திற்குள்ளேயே இருப்பதால், அழுத்தினால் அது விலகிச் சென்று புள்ளி வெளிறும். கையை எடுத்தவுடன் மீண்டும் சிவக்கும்.

இரண்டாவது, நாளத்திலிருந்து இரத்தம் வெளியே கசிவது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்தாலோ, நாளச் சுவர் பழுதுபட்டாலோ, இரத்தம் உறையும் தன்மை கெட்டாலோ சிவப்பணுக்கள் நாளத்தை விட்டு வெளியேறித் தோலுக்குள் தங்கிவிடும். வெளியேறிய இரத்தம் விலகிச் செல்ல வழியில்லை. எனவே எவ்வளவு அழுத்தினாலும் நிறம் மாறாது. இத்தகைய புள்ளிகள் ஊசிமுனை அளவில், ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மருத்துவத்தில் பெட்டீக்கியா எனப்படும். அதைவிடப் பெரிய திட்டுகள் பர்ப்யூரா எனப்படும். 1 சென்டிமீட்டருக்கு மேல் பரவி, நீலம் பாரித்துத் தெரிவது இரத்தக்கட்டு.

இந்த இரண்டாம் வகையே கவலைக்குரியது. சிவப்புப் புள்ளி எதைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது அழுத்தினால் மறைகிறதா என்பதே.

கண்ணாடித் தம்ளர் சோதனை

நிறமற்ற, வழவழப்பான கண்ணாடித் தம்ளர் ஒன்றின் பக்கவாட்டைப் புள்ளிகளின் மேல் வைத்துச் சற்று அழுத்த வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது புள்ளி வெளிறி மறைந்தால், அது நாளம் விரிந்ததால் உண்டானது. அழுத்தத்திலும் அப்படியே நின்றால், இரத்தக் கசிவாக இருக்கலாம்.

இச்சோதனையைச் செய்யும்போது மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, உடலின் ஒரே இடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கால், வயிறு, பிட்டம், உள்ளாடையின் இறுக்கம் படும் இடங்கள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இரண்டு, தொடக்கத்தில் மறையும் புள்ளிகள் சில மணி நேரத்தில் மறையாதவையாக மாறலாம். காய்ச்சல் உள்ளவரிடம் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று, மறைகின்ற புள்ளி எல்லாம் ஆபத்தற்றது என்று பொருள் இல்லை. நோயாளி சோர்ந்து, மயங்கி, மூச்சுத் திணறிக் காணப்பட்டால் சோதனையின் முடிவு எதுவாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கருநிறத் தோலில் சிவப்பு எப்படித் தெரியும்

மருத்துவ நூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலில் எடுக்கப்பட்டவை. அவற்றில் தெரியும் பளிச்சென்ற சிவப்பு, மாநிறத்திலும் கருநிறத்திலும் அப்படியே தெரியாது. நமது தோலில் அது கருஞ்சிவப்பாகவோ, பழுப்பாகவோ, கருநீலமாகவோ, சில வேளைகளில் சுற்றுத்தோலைவிடச் சற்றே கறுத்த திட்டாகவோ மட்டும் தெரியும். "சிவப்பாக ஒன்றும் இல்லையே" என்று விட்டுவிடும் வாய்ப்பு இதனால் அதிகம்.

எனவே நிறமி குறைவாக உள்ள இடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம், உதட்டின் உட்புறம் ஆகியவற்றில் இரத்தப் புள்ளிகள் தெளிவாகப் புலப்படும். மின்விளக்கைவிடப் பகல் வெளிச்சம் நல்லது. தடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரல் நுனியால் தடவும்போது தட்டுப்படும்.

பெரும்பாலும் தீங்கற்றவை

வேர்க்குரு: வியர்வை நாளங்களின் வாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தேங்குவதால் வருவது. கழுத்து, முதுகு, மார்பு, அக்குள், குழந்தைகளின் தொடை மடிப்பு ஆகிய இடங்களில் குத்தும் அரிப்புடன் சிறு சிவந்த பருக்கள் தோன்றும். குளிர்ந்த நீரில் குளிப்பதும், தளர்ந்த பருத்தி ஆடை அணிவதும், காற்றோட்டமும் போதும். பவுடரை அப்பிக்கொண்டே இருப்பது வியர்வை வாயை மேலும் அடைக்கும்.

பூச்சிக்கடி: புள்ளியின் நடுவே கடிவாய் தெரியும். ஆடைக்கு வெளியே உள்ள கை கால்களில் ஆங்காங்கே இருந்தால் கொசு. வரிசையாக மூன்று நான்கு இருந்தால் மூட்டைப்பூச்சி என ஊகிக்கலாம்.

சிரங்கு: கண்ணுக்குத் தெரியாத சிரங்குப் பூச்சி தோலைத் துளைத்து வாழ்வதால் வருவது. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் இரவில் அரிப்பு கூடும். வீட்டில் ஒருவருக்கு வந்தால், அரிப்பு இல்லாதவர் உட்பட எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். இல்லையெனில் அது வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும்.

காணாக்கடி: திடீரெனத் தடித்து, அரித்து, ஒரு நாளுக்குள் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் எழும் தடிப்பு. பூச்சி எதுவும் காணாமலே கடித்தது போல் தடிப்பதால் இப்பெயர். உணவு, மருந்து, வைரஸ் தொற்று எனப் பல காரணங்கள் உண்டு. பலருக்குக் காரணம் புலப்படாமலே போகும். தடிப்புடன் உதடு அல்லது நாக்கு வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, வாந்தி, தலைசுற்றல் வந்தாலோ அது தீவிர ஒவ்வாமை. அங்கே உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

செம்மருக்கள்: முப்பது வயதிற்குப் பின் மார்பிலும் முதுகிலும் தோன்றும், குண்டுமணி நிறத்திலான சிறு புடைப்புகள். இவை சிறு நாளங்களின் திரட்சி. அழுத்தினாலும் முழுமையாக மறையாமல் போகலாம். ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பவை, மருத்துவம் தேவையில்லை.

பச்சிளங்குழந்தையின் புள்ளிகள்: நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பலருக்குப் பிறந்த இரண்டு மூன்று நாள்களில் சிவந்த திட்டுகளும் அவற்றின் நடுவே வெள்ளைப் பருவும் தோன்றும். குழந்தை நன்றாகப் பால் குடித்து, காய்ச்சலின்றி இருந்தால் இவை சில நாள்களில் தாமே மறையும். ஆனால் மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குப் புள்ளிகளுடன் காய்ச்சலோ, பால் குடிக்க மறுப்போ, நீர்க்கொப்புளமோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காய்ச்சலுடன் வரும் புள்ளிகள்

காய்ச்சலும் புள்ளிகளும் சேர்ந்து வரும்போது "அம்மை" என்று சொல்வது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். இலங்கைத் தமிழர் தட்டம்மையைச் சின்னமுத்து என்றும், சின்னம்மையைக் கொப்புளிப்பான் என்றும் வழங்குவர். வேப்பிலை கட்டி நோயாளியைத் தனியே வைப்பதும், ஓய்வு கொடுப்பதும், குளிர்ந்த நீராகாரம் தருவதும் பெரியம்மை பரவிய காலத்தில் தொற்றைக் கட்டுப்படுத்த உதவியவை. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக உலக நலவாழ்வு அமைப்பு 1980இல் அறிவித்தது. எஞ்சியிருப்பது, புள்ளியோடு வரும் எந்தக் காய்ச்சலையும் அம்மை என்று கருதி மருத்துவரிடம் செல்லாமல் இருக்கும் பழக்கம். இன்று அந்தக் காய்ச்சல் டெங்குவாகவோ உண்ணிக் காய்ச்சலாகவோ இருக்கக்கூடும் என்பதே இப்பழக்கத்தின் ஆபத்து. தனிமையும் ஓய்வும் வேப்பிலையும் இருக்கட்டும். மருத்துவரின் பார்வையும் இருக்க வேண்டும்.

டெங்கு

பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் பரவுவது. முதல் இரண்டு நாள் முகமும் மார்பும் சிவந்து காணப்படலாம். மார்பில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் கைத்தடம் வெளிறித் தெரியும். மூன்றாம் நாள் முதல் கை கால்களில் அழுத்தினால் மறையாத ஊசிமுனைப் புள்ளிகள் தோன்றலாம். நோய் குணமாகும் கட்டத்தில் கை கால் முழுதும் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் தீவுகள் போல் விட்டு, அரிப்புடன் ஒரு தடிப்பு வரும். இது நல்ல அறிகுறி.

டெங்குவில் பலரும் பிழையாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. காய்ச்சல் விட்டுவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான். நோயின் 3 முதல் 7ஆம் நாளுக்குள், ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம், தந்துகிகளிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. இரத்தம் கெட்டியாகி, இரத்த அழுத்தம் குறைந்து, உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் சேராத நிலை ஏற்படுகிறது. டெங்கு மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கசிவே.

பின்வருவன எச்சரிக்கை அறிகுறிகள்:

- விடாத வயிற்று வலி
- அடிக்கடி வாந்தி
- பல் ஈறு, மூக்கு ஆகியவற்றில் இரத்தம் வடிதல், கருமையான மலம், மாதவிடாயில் வழக்கத்தைவிட அதிக இரத்தப்போக்கு
- குழந்தை சோர்ந்து துவளுதல் அல்லது அமைதியின்றி அலைபாய்தல்
- கை கால் சில்லிடுதல்
- 4 முதல் 6 மணி நேரம் சிறுநீர் கழியாமை

இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தட்டணுக்களின் இயல்பான அளவு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை. டெங்குவில் இது வேகமாகக் குறைந்து, பின் தானே ஏறும். குடும்பத்தினர் இந்த எண்ணை மட்டுமே பார்த்து அஞ்சுவது வழக்கம். மருத்துவர் அதனுடன் சேர்த்துப் பார்ப்பது இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தைக் காட்டும் ஹிமட்டோகிரிட் அளவை. தட்டணு இறங்க, ஹிமட்டோகிரிட் ஏறினால் நீர்க்கசிவு நடக்கிறது என்று பொருள். இரத்தக்கசிவு இல்லாத ஒருவருக்கு எண் குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவது பொதுவாகத் தேவைப்படாது. பப்பாளி இலைச்சாறோ நிலவேம்புக் குடிநீரோ அருந்துபவர்கள், அதை நம்பி இரத்தப் பரிசோதனையையும் கண்காணிப்பையும் விட்டுவிடக் கூடாது.

தட்டம்மை, சின்னம்மை, அக்கி

தட்டம்மையில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவை முதலில் வரும். சில நாள் கழித்துக் காதின் பின்புறமும் நெற்றியிலும் தொடங்கி முகம், உடல், கால் எனப் புள்ளிகள் கீழிறங்கும். அதற்கு முன்பே கன்னத்தின் உட்புறம் உப்புத்தூள் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தெரியலாம். புள்ளிகள் தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்பு வரை பிறருக்குத் தொற்றும். நிமோனியாவும் மூளை அழற்சியும் இதன் கடுமையான விளைவுகள். குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்கும். இந்தியாவில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி 9 முதல் 12 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்திலும் அரசு மையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது.

சின்னம்மையில் சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு ஆகிய மூன்று நிலைகளும் ஒரே நேரத்தில் காணப்படும். எல்லாப் புண்களும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் எளிதில் தீரும். பெரியவர்கள், கருவுற்ற பெண்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்குக் கடுமையாகலாம். அவர்கள் முதல் நாளே மருத்துவரைப் பார்த்தால் வைரஸ் எதிர்ப்பு மருந்து பயன் தரும். சின்னம்மை கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேயி நோய்க்கு வழிவகுக்கலாம்.

அக்கி என்பது சின்னம்மைக் கிருமியே நரம்பில் உறங்கிக் கிடந்து, பல ஆண்டுகள் கழித்து விழித்தெழுவது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போல், எரிச்சலுடன் சிவந்து கொப்பளிக்கும். மண்பாண்டம் செய்வோரிடம் சென்று காவி மண்ணால் அக்கி எழுதுவது நம்மூர் வழக்கம். புண் ஆறிவிடும், ஆனால் பின்னர் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியே இந்நோயின் துன்பம். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைப் புள்ளி தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குவது நல்லது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் பாதிக்கப்படலாம் என்பதால் கண் மருத்துவரையும் அன்றே காண வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல்

புதர், வயல்வெளி ஆகிய இடங்களில் உள்ள நுண்ணிய பூச்சிகளின் இளம்பருவப் புழு கடிப்பதால் பரவும் பாக்டீரியா நோய் இது. ஸ்க்ரப் டைபஸ் என்றும் வழங்கப்படும். காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சில வேளைகளில் உடலில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் இருக்கும். இதைக் காட்டிக்கொடுப்பது கடிவாயில் தோன்றும் கறுத்த பொருக்கு. பீடி நெருப்புச் சுட்டது போல் இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு, இடுப்பு போன்ற மறைவிடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் விடாதவருக்கு இந்த இடங்களை வீட்டாரே பார்ப்பது நல்லது. டாக்சிசைக்கிளின் அல்லது அசித்ரோமைசின் என்னும் எளிய மருந்தில் தீரும் நோய். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைத் தாக்கி உயிரைப் பறிக்கும். உண்ணியால் பரவும் மற்றொரு வகைக் காய்ச்சலில் புள்ளிகள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட வரும்.

மூளையுறைத் தொற்று

மெனிஞ்சோகாக்கஸ் என்னும் பாக்டீரியா இரத்தத்தில் பரவும்போது, காய்ச்சலுடன் மறையாத கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றி மணிக்கணக்கில் பெருகிப் பெருந்திட்டுகளாகும். கழுத்து விறைப்பு, கடும் தலைவலி, வெளிச்சம் கண்டால் கூச்சம், குழப்பம், சில்லிட்ட கை கால் ஆகியவை உடன் இருக்கும். அரிதான நோயே; ஆனால் ஒரே நாளில் உயிரைப் பறிக்கவல்லது. காய்ச்சலுடன் கண்ணாடித் தம்ளரில் மறையாத புள்ளி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்ற விதி முதன்மையாக இந்நோயை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டது. புள்ளி வரும் வரை காத்திருக்கவும் கூடாது. புள்ளியே இல்லாமலும் மூளையுறைத் தொற்று வரும்.

கவாசாகி நோய்

பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. ஐந்து நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், பீளையின்றிச் சிவந்த கண்கள், வெடித்த உதடு, சிவந்து பருப்பருவென்ற நாக்கு, வீங்கிய கை கால், கழுத்தில் நெறிக்கட்டு, உடலில் சிவப்புத் தடிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். மருத்துவம் பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் இரத்தக் குழாய் புடைத்துவிடும். நோய் தொடங்கிய 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்தினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

காய்ச்சல் இல்லாத இரத்தப் புள்ளிகள்

கடுமையான இருமல், வாந்தி, பிரசவத்தில் முக்குதல் ஆகியவற்றின் அழுத்தத்தால் முகத்திலும் கழுத்திலும் ஊசிமுனைப் புள்ளிகள் தோன்றலாம். இவை மார்புக்கு மேல் மட்டுமே இருந்து, புதிதாகக் கூடாமல், சில நாளில் மங்கினால் கவலையில்லை.

நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சளிக் காய்ச்சல் வந்து போன சில வாரங்களில், திடீரென உடலெங்கும் இரத்தப் புள்ளிகளும் இரத்தக்கட்டுகளும் தோன்றினால், நோயெதிர்ப்பு அமைப்பே தட்டணுக்களை அழிப்பது காரணமாக இருக்கலாம். குழந்தைகள் பலருக்கு ஆறு மாதத்திற்குள் இது தானே சரியாகும். அதுவரை அடிபடும் விளையாட்டுகளையும் ஆஸ்பிரின் வகை மருந்துகளையும் தவிர்க்க வேண்டும்.

பிட்டத்திலும் கால்களிலும் விரலுக்குத் தட்டுப்படும் கருஞ்சிவப்புத் திட்டுகள், மூட்டு வலி, வயிற்று வலி ஆகியவை சேர்ந்து வந்தால் அது ஹீனோக் ஷோன்லைன் பர்ப்யூரா எனப்படும் சிறுநாள அழற்சி. தோல் சில வாரங்களில் தெளிந்துவிடும். ஆனால் சிறுநீரகம் பின்னரும் பாதிக்கப்படலாம். எனவே ஆறு மாதம் வரை சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்து வர வேண்டும்.

இரத்தப் புள்ளிகளுடன் வெளிறிய முகம், தொடர்ந்த சோர்வு, எலும்பு வலி, திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், நெறிக்கட்டு ஆகியவை இருந்தால் இரத்தப் புற்றுநோயையும் நினைக்க வேண்டும். சாதாரண இரத்த அணுப் பரிசோதனையே இதற்கு முதல் தடயத்தைத் தந்துவிடும். ஆகவே அதைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

முதியோரின் முன்கையில் சிறு உரசலுக்கும் கருஞ்சிவப்புத் திட்டு வருவது தோல் மெலிவதால். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்பவருக்கு இது கூடுதலாக வரும். புள்ளிகளோடு ஈறு, மலம், சிறுநீர் ஆகியவற்றில் இரத்தம் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

மருந்தினால் வரும் புள்ளிகள்

புதிய மருந்து தொடங்கிய சில நாள் முதல் சில வாரத்திற்குள் உடலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றினால், மருந்தே காரணமாக இருக்கலாம். பென்சிலின் வகை, சல்பா, வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், யூரிக் அமிலத்திற்கான அலோபியூரினால், வலி நிவாரணிகள் ஆகியவை அடிக்கடி காரணமாகின்றன. பெரும்பாலானவை மருந்தை நிறுத்தினால் தணியும்.

ஆனால் தோல் எரிவது போல் வலித்தல், வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றில் புண், கொப்புளம், தோல் உரிதல் ஆகியவை இருந்தால் அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயாக இருக்கலாம். இது தீக்காயத்திற்கு ஒப்பான அவசரநிலை. இதிலிருந்து மீண்டவர் காரணமான மருந்தின் பெயரைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே மருந்து மறுமுறை உயிரைக் குடிக்கலாம்.

நாள்பட்ட சிவப்புத் திட்டுகள்

வட்டமாக, ஓரம் தடித்து, நடுவே தெளிந்து பரவுவது படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். பூஞ்சை மட்டும் உள்ளே வளரும். நிறுத்தியதும் முன்னிலும் பெரிதாகத் திரும்பும். தோலும் மெலிந்து வரிவரியாகப் பிளக்கும். எனவே மருத்துவர் எழுதித் தராத களிம்பைத் தோலில் பூசக் கூடாது.

அரிப்போ வலியோ இல்லாத, உணர்ச்சி குன்றிய வெளிறிய அல்லது சிவந்த தேமல் தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். இதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். தொடக்கத்திலேயே உட்கொண்டால் ஊனமின்றி முழுமையாகக் குணமாகும்.

உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பில்லாத செம்பு நிறப் புள்ளிகள் பெரியவர்களுக்கு வந்தால் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பென்சிலின் ஊசியால் தீரும் நோய் இது.

எப்போது மருத்துவ உதவியை நாட வேண்டும்

உடனே, அவசரப் பிரிவுக்கு:

- காய்ச்சலுடன் அழுத்தினால் மறையாத புள்ளிகள்
- மணிக்கணக்கில் பெருகும் அல்லது ஒன்று சேரும் கருஞ்சிவப்புத் திட்டுகள்
- முகம், நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம்
- கழுத்து விறைப்பு, குழப்பம், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம்
- ஈறு, மூக்கு, மலம், சிறுநீர், வாந்தி இவற்றில் இரத்தம்
- வாய், கண்ணில் புண்ணும் தோல் உரிதலும்
- டெங்கு எச்சரிக்கை அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று
- சிவந்த இடம் சூடாகி வேகமாகப் பரவுதல், பார்வைக்குத் தெரிவதைவிட வலி மிகுதியாக இருத்தல். நீரிழிவு உள்ளவர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்

இந்தியாவில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

அன்றே அல்லது மறுநாளுக்குள்: காய்ச்சலின்றி வந்த மறையாத புள்ளிகள், புதிய மருந்துக்குப் பின் வந்த தடிப்பு, முகத்தில் வந்த அக்கி, கருவுற்ற பெண்ணுக்குக் காய்ச்சலுடன் வந்த எந்தத் தடிப்பும்.

ஒன்றிரண்டு வாரத்திற்குள்: தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு, குறையாமல் பரவும் திட்டு, உணர்ச்சியற்ற தேமல், நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால் போல் விரியும் நாளங்களும் கொண்ட செம்புள்ளிகள் மார்பில் பல இருத்தல். இது கல்லீரல் நோயின் அடையாளமாக இருக்கலாம். கருவுற்ற காலத்தில் இயல்பாகவும் வரும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

புள்ளி எந்த நாள், எந்த இடத்தில் தொடங்கியது, காய்ச்சல் அதற்கு முன்பா பின்பா, அதன் முதல் நாள் எது, கடந்த ஒரு மாதத்தில் உட்கொண்ட எல்லா மருந்துகளும் (நாட்டு மருந்தும் கடையில் வாங்கிய மாத்திரையும் உட்பட), வீட்டிலோ பள்ளியிலோ வேறு யாருக்கேனும் உள்ளதா, வெளியூர்ப் பயணம், வயல் அல்லது தோட்ட வேலை, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். மறைந்து மறைந்து வரும் தடிப்பைக் கைபேசியில் படம் எடுத்து வைத்தால் உதவும்.

இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையும் தட்டணு அளவும் பெரும்பாலும் முதல் பரிசோதனை. டெங்கு ஐயமானால் முதல் ஐந்து நாளில் என்எஸ்1 பரிசோதனையும், அதற்குப் பின் ஐஜிஎம் பரிசோதனையும் பயன்படும். தேவைக்கேற்பச் சிறுநீர், கல்லீரல், இரத்தம் உறையும் நேரம், உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனை ஆகியவை சேர்க்கப்படும்.

வீட்டில் செய்ய வேண்டியவையும் கூடாதவையும்

காய்ச்சலுடன் புள்ளிகள் உள்ளவருக்குக் காரணம் தெரியும் வரை பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்கக் கூடாது. அதையும் எடைக்கேற்ற அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கு ஐயம் உள்ளபோது தசையில் போடும் ஊசியும் வேண்டாம். கஞ்சி, மோர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி கொடுத்து, சிறுநீர் கழிக்கும் நேரத்தைக் குறித்துவர வேண்டும்.

அரிப்புக்குக் கலமைன் களிம்பும் ஈரத்துணி ஒத்தடமும் போதும். நகத்தை வெட்டிவிட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, வேறு பச்சிலை எதையும் மருத்துவர் பார்க்கும் முன் பூசினால் புள்ளியின் நிறம் மறைந்து நோயறிவது கடினமாகும். சின்னம்மை கண்டவர் குளிக்கக் கூடாது என்பது தவறு. இளஞ்சூட்டு நீரில் மெதுவாகக் குளிப்பது புண்ணில் சீழ் பிடிப்பதைத் தடுக்கும்.

புள்ளிகளைச் சுற்றிப் பேனாவால் மெல்லிய கோடு வரைந்து, அருகே நேரத்தை எழுதி வைப்பது எளிய, பயனுள்ள வழி. சில மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது அவை கோட்டைத் தாண்டியிருந்தாலோ, கோட்டுக்கு வெளியே புதியவை தோன்றியிருந்தாலோ காத்திருக்க வேண்டிய நேரம் முடிந்துவிட்டது என்று பொருள். கோட்டுக்குள் அடங்கி மங்கிவந்து, நோயாளியும் நன்றாக உண்டு, சிறுநீர் கழித்து, வழக்கம்போல் பேசினால் வீட்டிலேயே கவனித்து வரலாம். டெங்கு பரவும் காலத்தில், காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் இந்தக் கவனிப்பைத் தொடர வேண்டும்.